தச்சர் வீட்டுச் செபமாலை

திருமானூரில் நம் இளமைக் காலத்து வீட்டில் அந்தி நேரத்தில் இரண்டு ஒலிகள் கேட்கும். உள்ளே, திரு இருதயப் படத்தின் முன் விளக்கேற்றி நம் அன்னையார் செபமாலை சொல்லும் ஒலி. வெளியே, பக்கத்துக் கொட்டகையில் நம் தந்தையார் மரம் இழைக்கும் ஒலி. அன்னையாரின் குரலோடு பிள்ளைகளாகிய நம் குரல்களும் சேரும். தந்தையாரின் இழைப்புளியோடு சேர ஒருவருமில்லை.

தந்தையார் தச்சர். அப்போது திருமானூர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. கொள்ளிடத்தின் வடகரையில் நெல்லையும் கரும்பையும் நம்பி வாழ்ந்த ஊர். டிராக்டர் வராத காலம். ஆகவே கலப்பையும் நுகத்தடியும் பரம்புப் பலகையும் வண்டிச் சக்கரமும் செய்பவருக்கு வேலைக்குக் குறைவில்லை. ஆடி மாதம் நெருங்கிவிட்டால் நம் வீட்டு வாசலில் உழவர்கள் வரிசையாய் அமர்ந்திருப்பார்கள். சக்கர வேலை நடக்கும் நாள் நமக்குத் திருவிழா. குடத்தில் ஆரக்கால்களை ஒவ்வொன்றாய் அறைந்து, வட்டைகளைப் பொருத்தி வைத்திருப்பார் தந்தையார். கொல்லர் இரும்புப் பட்டையை நெருப்பில் பழுக்கக் காய்ச்சிக் கொண்டுவந்து மாட்டுவார். நாம் குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றுவோம். ஆவி பறக்கும். சுருங்கும் இரும்பு மரத்தை இறுக்கும்போது சக்கரம் முழுவதும் ஒருமுறை முனகும். அந்த முனகலைக் காதால் கேட்டே, வேலை சரியா தவறா என்று தந்தையார் சொல்லிவிடுவார்.

இத்தனை வேலை தெரிந்தவருக்குச் செபம் சொல்லத் தெரியாது என்றே நாம் எண்ணியிருந்தோம். ஞாயிறு பூசைக்குத் தவறாமல் வருவார். ஆண்கள் பக்கத்தில் கடைசியாக நிற்பார். உதடு அசைந்து நாம் பார்த்ததில்லை. வீட்டுச் செபத்தின் பொழுது சில நாள் கொட்டகையிலிருந்து வந்து நிலைப்படியில் நின்றுகொள்வார். உள்ளே வந்து முழந்தாளிடுவதில்லை. உடம்பெல்லாம் மரத்தூள் என்பது ஒரு காரணம். அன்னையாருக்கு அது போதுமான காரணமாய்ப் படவில்லை. "ஊரார் கலப்பைக்கு இருக்கிற நேரம் உங்கப்பாவுக்குச் சாமிகிட்ட இல்லை" என்று நம்மிடம் சொல்வார். அவர் காதில் விழும்படியே சொல்வார். பிள்ளைகள் உள்ளத்தில் இத்தகைய சொல் எளிதில் பதியும். நம் தந்தையாரைப் பக்தி குறைந்தவர் என்று நாமும் தீர்ப்பிட்டு வைத்திருந்தோம்.

அன்னையாரின் பக்திக்கு ஊற்று ஏலாக்குறிச்சி. ஆண்டுக்கு ஒருமுறையேனும் வண்டி கட்டிக்கொண்டு அடைக்கல அன்னையைக் காணச் செல்வோம். வழி நெடுக வீரமாமுனிவரின் கதையை அன்னையார் சொல்லி வருவார். இத்தாலி நாட்டில் 1680ஆம் ஆண்டு பிறந்து, இயேசு சபைத் துறவியாகி, 1710இல் கோவாவில் வந்திறங்கி, மறுவருடம் மதுரை மறைப்பணித் தளத்துக்கு வந்த ஜோசப் பெஸ்கி அடிகளார், நம் கொள்ளிடக் கரைக்கு வந்து ஏலாக்குறிச்சியில் அன்னைக்குக் கோயில் எடுத்து, அவ்வூருக்குத் திருக்காவலூர் என்று பெயரும் சூட்டினார். அரியலூர் மழவராயரின் தீராத பிளவை அன்னையின் அருளால் ஆறிய வரலாறும், அதற்கு நன்றியாக மன்னர் நிலம் வழங்கியதும், இன்றும் அவ்வூரில் வழிவழியாகச் சொல்லப்படுவன. அன்னையார் இதைச் சொல்லும் ஒவ்வொரு முறையும் மழவராயரின் வேதனை கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். தந்தையார் மாடுகளை ஓட்டியபடி ஒன்றும் சொல்லமாட்டார். வண்டிச் சக்கரம் எழுப்பும் ஓசையில்தான் அவர் கவனம்.

பின்னாளில் நாம் தமிழாசிரியராகித் தேம்பாவணியை மாணவர்க்குக் கற்பித்தோம். மூன்று காண்டம், முப்பத்தாறு படலம், 3615 பாடல் என்று கரும்பலகையில் எத்தனை ஆண்டு எழுதியிருப்போம்! காப்பியத் தலைவர் சூசையப்பர். அவருக்கு முனிவர் சூட்டிய தமிழ்ப் பெயர் வளன் என்றும் சொல்லிக் கொடுத்தோம். ஆயினும் ஒரு செய்தி நம் சிந்தையில் நெடுங்காலம் உறைக்கவில்லை. நான்கு நற்செய்திகளையும் முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாலும் சூசையப்பர் பேசிய சொல் ஒன்று கூடக் கிடையாது. கனவில் வானதூதர் பேசுகிறார்; இவர் விழித்தெழுந்து சொன்னபடி செய்கிறார். மரியாளை ஏற்றுக்கொள்கிறார், இரவோடிரவாக எகிப்துக்குப் புறப்படுகிறார், திரும்பி வருகிறார், நாசரேத்தில் குடியேறுகிறார். "தச்சருடைய மகன்" என்று ஊரார் இயேசுவை இகழ்ந்தபோதுதான் அவர் தொழிலே நமக்குத் தெரிய வருகிறது. பேசாத அந்தத் தொழிலாளியைத் தலைவராக்கி மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாடல் பாட வேண்டும் என்று வீரமாமுனிவருக்குத் தோன்றியதே, அதுதான் நமக்கு இன்று பெரிய வியப்பு. மன்னரையும் வீரரையும் பாடிய காப்பிய மரபில் உளி பிடித்த கை ஒன்று தலைமை பெற்றது. (காப்பியத்தில் முனிவர் அவரை நிறையப் பேச வைத்துவிட்டார் என்பதும் உண்மை. புலவர்களால் அமைதியைத் தாங்க முடியாது போலும்.)

இதை நாம் உணர வேண்டிய பாடம் நம் வீட்டிலேயே 1959இல் நடந்திருந்தது. அப்போது நமக்கு வயது ஒன்பது.

ஐப்பசி மழையில் நம் தங்கைக்குக் காய்ச்சல் கண்டது. இரண்டரை வயதுக் குழந்தை. நான்கு நாள் கிடந்தாள். ஐந்தாம் நாள் விடியுமுன் போய்விட்டாள். அன்னையார் அந்த நான்கு நாளும் கையிலிருந்து செபமாலையைக் கீழே வைக்கவில்லை. குழந்தையை நீராட்டி வெள்ளைச் சட்டை உடுத்திக் கிடத்தியிருந்தபோது, கொட்டகையிலிருந்து அந்த ஒலி கேட்டது. தந்தையார் மரம் இழைத்துக்கொண்டிருந்தார். யாருக்கோ அலமாரி செய்வதற்கென்று காயவைத்திருந்த பலாப் பலகையை எடுத்து, மகளுக்குப் பெட்டி செய்துகொண்டிருந்தார்.

அன்னையார் எழுந்து கொட்டகை வாசலுக்குப் போனார். நாமும் பின்னே போனோம். "உங்க கை எப்படிங்க வருது இதுக்கு?" என்றார். தந்தையார் நிமிரவில்லை. "வேற யாரு செய்வா?" என்றார். அவ்வளவே. மீண்டும் இழைப்புளி ஓடியது. பெட்டியின் உட்புறத்தையும் அவர் இழைத்தார். கண்ணாடி போல் வழவழப்பாகும்வரை இழைத்தார். மண்ணுக்குள் போகும் பெட்டிக்கு உட்புறம் எதற்கு இத்தனை இழைப்பு என்று ஒருவர் முணுமுணுத்தது நம் நினைவில் இருக்கிறது.

அன்று முதல் நம் வீட்டில் செபமாலை நின்றது. அன்னையார் அழுது அரற்றவில்லை. ஆண்டவரை வைது பேசவுமில்லை. மாலையானால் விளக்கை ஏற்றாமல் அடுப்படியில் போய் அமர்ந்துகொள்வார். பூசைக்கு மட்டும் வருவார், யாரோ அழைத்துவந்ததைப் போல. தந்தையாரோடு பேச்சும் ஏறக்குறைய நின்றுவிட்டது. அந்த விடியற்காலை ஒலியை அவரால் மன்னிக்க முடியவில்லை என்று இன்று நமக்குப் புரிகிறது.

ஒரு வாரம் கழிந்திருக்கும். இரவு உணவுக்குப் பின் தந்தையார் தாமே திரு இருதயப் படத்தின் முன் விளக்கை ஏற்றினார். எஞ்சிய பலாப் பலகையில் ஒரு சிறு மணை செய்திருந்தார். அதைப் போட்டு அமர்ந்து, செபமாலையைக் கையில் எடுத்தார். நாங்கள் பிள்ளைகள் அருகில் போய் முழந்தாளிட்டோம். அவர் சொல்லத் தொடங்குவார் என்று காத்திருந்தோம். சொல்லவில்லை. மணிகள் மட்டும் விரலில் நகர்ந்தன. அரை மணி நேரம் ஆனதும் சிலுவை அடையாளம் வரைந்து எழுந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. மார்கழி கழிந்தது, கிறிஸ்து பிறப்பு வந்து போயிற்று, பொங்கலுக்கு ஊர் கலகலத்தது. நம் வீட்டில் ஒவ்வோர் இரவும் விளக்கு எரிந்தது, ஒரு சொல்லும் எழவில்லை. பேச்சில்லாத அந்தச் செபம் நமக்கு மிகுந்த சங்கடமாயிருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. எப்போது முடியும் என்று பார்த்திருப்போம்.

தவக்காலம் தொடங்கியிருந்த ஒரு வியாழக்கிழமை, யாரும் எதிர்பாராத வகையில் தந்தையார் வாய் திறந்தார். குரல் கரகரத்தது. "முதலாம் துக்க தேவ இரகசியம்" என்றார்.

அடுப்படியிலிருந்து உடனே ஒரு குரல் வந்தது: "இன்னைக்கு வியாழன். சந்தோஷ தேவ இரகசியம்."

அக்கால வழக்கம் அதுதான். திங்களும் வியாழனும் சந்தோஷம், செவ்வாயும் வெள்ளியும் துக்கம், புதனும் சனியும் மகிமை. வியாழனுக்கு ஒளியின் தேவ இரகசியங்களைத் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் தந்தது 2002ஆம் ஆண்டில்தான். தந்தையார் தடுமாறி நின்றார். சந்தோஷ தேவ இரகசியங்களின் வரிசை அவருக்குத் தெரியவில்லையோ, தெரியாதவர் போல் இருந்தாரோ, நாம் அறியோம். சிறிது நேரத்தில் அன்னையார் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி வந்து, நம்மிடையே முழந்தாளிட்டுத் தாமே தொடங்கினார். நான்கு மணிவரிசைகள் ஒழுங்காய்ச் சென்றன. ஐந்தாவது, காணாமற்போன திருமகனைக் கோயிலில் கண்டடைந்தது. அதை அறிவிக்கும்போது அன்னையாரின் குரல் நின்றுவிட்டது. அந்தப் பத்து மணிகளையும் தந்தையார் சொல்லி முடித்தார். ஒரு சொல் பிசகவில்லை.

மறுநாளிலிருந்து அவர் மீண்டும் நிலைப்படிக்குப் போய்விட்டார். அன்னையார் அதற்குப் பின் அவரைப் பற்றி அந்தப் பழைய சொல்லைச் சொன்னதே இல்லை.

நமக்குப் பதின்மூன்று வயதான கோடை விடுமுறையில் பட்டறைக்குக் கை உதவியாகப் போனோம். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தோம். புதிய பலகையை எடுத்ததும் தந்தையார் காதில் செருகிய பென்சிலால் அதன் முகத்தில் ஒரு சிறு சிலுவை வரைவார். பிறகு இழைப்புளியைத் தள்ளுவார். முதல் சுருளிலேயே சிலுவை மறைந்துவிடும். கலப்பையானாலும் கதவானாலும் இதே வழக்கம். கணக்கு நோட்டின் ஒவ்வொரு பக்கத் தலைப்பிலும் "சே.ம.சூ." என்று எழுதியிருப்பார். நம் இல்லங்களில் கடிதம் எழுதுவோர் எல்லாருமே அன்று அவ்வாறு எழுதினார்கள். அது நமக்குப் புதிதல்ல. ஆனால் அழியப்போகும் சிலுவையை ஏன் வரைய வேண்டும்? கேட்டுவிட்டோம். "வாங்கறவங்க பார்க்கறதுக்குப் போட்டதில்லைடா" என்றார். நம் பகுதியில் அவரிடம் கலப்பை வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். அவர்களில் ஒருவருக்கும் இந்தச் செய்தி தெரிந்திராது. எத்தனையோ வயல்களை அந்தக் கலப்பைகள் உழுதன.

இன்னுமொரு காட்சி. கரைவெட்டி ஏரியை அடுத்த சிற்றூர் ஒன்றுக்குச் சக்கரம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். மார்கழி மாதம். ஏரியில் பறவைகள் நிறைந்திருந்தன. (அவ்வேரி 1999இல் பறவைகள் சரணாலயமாயிற்று, 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. இமயமலையைக் கடந்து வரும் வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் அங்குத் தங்குகின்றன. அன்று நமக்கு அவையெல்லாம் வெறும் ஏரிக் குருவிகள்.) எதற்கோ வெருண்டு அவை அனைத்தும் ஒருசேர மேலெழுந்தன. வானம் இரைந்தது. தந்தையார் வண்டியை நிறுத்தினார். தலையில் சுற்றியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். பூசையில் எழுந்தேற்றத்தின் மணி ஒலிக்கையில் அவர் அவ்வாறு நிற்பதை மட்டுமே நாம் கண்டிருந்தோம். பறவைகள் மீண்டும் நீரில் இறங்கியதும் துண்டைக் கட்டிக்கொண்டு மாட்டைத் தட்டினார். நம்மிடம் ஏதும் விளக்கவில்லை.

பானை சட்டிகளுக்கு நடுவிலும் ஆண்டவர் உலவுகிறார் என்ற கருத்தை அவிலா தெரசம்மாள் தம் சகோதரிகளுக்கு எழுதினார். நாசரேத்துப் பட்டறையில் இயேசு கலப்பையும் நுகத்தடியும் செய்தார் என்று இரண்டாம் நூற்றாண்டில் புனித யுஸ்தீனார் குறித்துள்ளார். அதைப் படித்த நாள் நாம் நெடுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். நம் தந்தையார் செய்த அதே பண்டங்கள்! ஆனால் இதைக் கொண்டு, "உழைப்பே வழிபாடு, கோயிலும் செபமாலையும் எதற்கு?" என்று சிலர் பேசத் தொடங்கும்போது நமக்கு உடன்பாடில்லை. அவ்வாறு பேசுவோரில் பலர் உழைப்பதுமில்லை. தந்தையாரின் சிலுவை பலகையில் விழுந்தது, அவர் ஞாயிறு தோறும் கடைசி வரிசையில் நின்றதனால். அன்னையாரின் குரல் இல்லாதிருந்தால் நிலைப்படியில் நின்று கேட்க அவருக்கு ஒன்றும் இருந்திராது.

தந்தையார் 1984இல் மறைந்தார். அதற்குள் டிராக்டர்கள் வந்து, கலப்பை வேலை அருகி, அவர் கதவும் சன்னலும் மட்டும் செய்துவந்தார். அன்னையார் அவருக்குப் பின் ஒன்பது ஆண்டு இருந்தார். கொட்டகை இருந்த இடத்தில் இன்று நம் இளைய மகன் கட்டிய அறை நிற்கிறது.

அந்த அறையில்தான் இரண்டு ஆண்டுகளாக நம் இல்லாள் படுத்திருக்கிறார். பக்கவாதம். வலக்கை அசையாது, பேச்சு முக்கால் பங்கு போய்விட்டது. நம் வீட்டில் செபம் சொல்லி வந்தவர் அவரே. நாம் ஆசிரியர், கோயிலில் வாசகம் படிப்போம், திருவிழா மேடையில் பேசுவோம். வீட்டுச் செபத்தில் பதில் மட்டும் சொல்லுவோம். அவர் குரல் போனபின் மாலை ஏழு மணி நமக்குப் பெரும் அச்சமாகிவிட்டது. முதல் சில மாதங்கள் நாம் விளக்கை ஏற்றவில்லை என்பதை இங்கே ஒத்துக்கொள்ள வேண்டும். தொலைக்காட்சியை அவர் முன் திருப்பி வைத்துவிட்டு வேறு பக்கம் போய்விடுவோம். புகழ்ந்து பாட நம் உள்ளத்தில் ஒன்றுமே இருக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டு தேம்பாவணி கற்பித்தவரின் நிலை இது.

ஒரு நாள் அவருக்குக் கஞ்சி ஊட்ட வசதியாகத் தாழ்வான இருக்கை தேடியபோது, பரணிலிருந்த பழைய மணை நினைவுக்கு வந்தது. இறக்கி, தூசி தட்டுவதற்காகக் கவிழ்த்தோம். அடிப்பக்கம் இழைக்கப்படாமல் மரம் அறுத்த வாள் தடத்தோடு அப்படியே இருந்தது. அதன் நடுவில், மங்கிய பென்சில் கோட்டில், ஒரு சிறு சிலுவை.

தந்தையார் எப்போதும் இழைக்கப்போகும் பக்கத்தில்தான் சிலுவை வரைவார். இதில் மட்டும் ஏன் இழைக்காத பக்கத்தில் வரைந்தார்? பெட்டி செய்த அதே பலகையாயிற்றே. துக்கத்தில் பக்கம் மாறிப்போயிற்றா, அல்லது இந்த ஒன்று மட்டும் அழிய வேண்டாம் என்று எண்ணினாரா? கேட்பதற்கு இன்று அவர் இல்லை. இருந்திருந்தாலும் பதில் சொல்லியிருக்கமாட்டார்.

அன்று மாலை கட்டிலருகே மணையைப் போட்டு அமர்ந்து, விளக்கேற்றினோம். நமக்கும் சொல் எழவில்லை. செபமாலையை இல்லாளின் இடக்கையில் பாதியும் நம் கையில் பாதியுமாக வைத்துக்கொண்டு மணிகளை நகர்த்தினோம். இப்போது தினமும் அப்படித்தான். சில நாள் நாம் உரக்கச் சொல்வோம். நாளைத் தவறாகச் சொல்லிவிட்டால் அவர் நம் விரலை அழுத்துவார்.

சென்ற மாதம் சன்னல் பழுது பார்க்க ஒரு தச்சர் வந்தார். இளைஞர், மின்சார இழைப்பு இயந்திரத்தோடு வந்திருந்தார். வேலை முடிந்ததும் மணையைக் கண்டு கையில் எடுத்துப் பார்த்து, "நல்ல பலா ஐயா, இப்ப இது கிடைக்காது. ரெண்டு பக்கமும் ஓட்டி மெருகு போட்டுத் தரட்டுமா?" என்றார்.

மேல்பக்கம் மட்டும் போதும் என்று சொன்னோம்.